ஒத்து வரட்டும்

என் அண்ணன் நாகசுரக்காரர். நான் அவருக்கு ஒத்து ஊதுகிறவன். ஒத்து என்பது நாகசுரம் மாதிரியே நீளமான குழல்தான், ஆனால் விரல் வைத்து வாசிக்க அதில் இடம் கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்த்துவிட்டால் அதற்கு அப்புறம் ஒரே சுரம். அண்ணன் ராகத்தில் எங்கெல்லாமோ போய்விட்டு வருவார். நான் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, ஊதிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்து, ஓசை அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஊதினால் ஒருவருக்கும் நம் நினைவே வராது. ஒரு நொடி விட்டுவிட்டால் கல்யாண வீடே திரும்பிப் பார்க்கும்.

நானும் நாகசுரம் கற்கத்தான் உட்கார்ந்தேன். கிணற்றுப் படியில் விழுந்து இடது கையில் இரண்டு விரல் முறிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதற்குமேல் அப்பா என்னிடம் ஒத்துக் குழலைக் கொடுத்துவிட்டார். அன்று முதல் திருநெல்வேலி ரதவீதிகளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏலே ஒத்து, இங்கன வா" என்பார்கள். யார் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவனை ஒத்து ஊதுகிறவன் என்று சொல்வது ஊர் வழக்கம். அதையும் சேர்த்துக் கேலி செய்வார்கள். எனக்கு அது உறைத்ததில்லை. தவில்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

சுதேசிப் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்த நாள் அது. சாயங்காலம் ஆனால் ஆற்று மணலில் கூட்டம் நடக்கும். தூத்துக்குடியிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்து பேசுவார்கள். கூட்டம் சேர்வதற்காக முதலில் மேளம் வைப்பது உண்டு. ஒருநாள் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் அந்தப் பேச்சுகளில் ஈடுபாடுள்ளவர் இல்லை. மேளத்துக்குக் கூப்பிட்டார்கள், போனோம்.

வழியில் என் குழலின் சீவாளி, அதாவது உதட்டில் வைத்து ஊதுகிற அந்தச் சிறு நாணல், பிளந்துவிட்டது. மாற்றுச் சீவாளி எடுக்க நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன். மணலில் ஜனம் நிறைந்துவிட்டது. ஏற்பாடு செய்தவர் அண்ணனிடம், "ஏன் அண்ணாச்சி, தொடங்கலாமே" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பதில் சொல்வதற்குள் பேச வந்திருந்தவரே மேடையிலிருந்து, "ஒத்து வரட்டும், தொடங்கலாம்" என்று சொன்னாராம். நான் ஓடி வந்து சேர்ந்தேன். தொடங்கினோம். அவ்வளவுதான் நடந்தது.

சில நாள் கழித்து ஊரில் கலகம் வந்தது. தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற சேதி வந்ததும் கடைகள் அடைபட்டன, சர்க்கார் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அப்புறம் வெளியூர்ப் போலீஸ் வந்து இறங்கியது. வீடு வீடாக விசாரணை. எங்கள் வீட்டுக்கும் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். உள்ளூர்க்காரர்தான், எங்கள் தெருவில் பால் வாங்குகிறவர்.

"ஒத்துங்கிறது நீருதானவே?"

"நாந்தான். என்ன விசயம்?"

"இன்ஸ்பெக்டர் கூட்டியாரச் சொன்னாரு. எனக்கு ஒண்ணுந் தெரியாது பாத்துக்கிடும்."

டாணா என்று நாங்கள் சொல்லும் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். வடக்கே ஆர்க்காட்டுப் பக்கத்து மனிதர், கலகத்துக்காக அனுப்பப்பட்டவர். அதட்டிப் பேச மாட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஆற்று மணல் கூட்டங்களில் போலீஸ் தரப்பில் ஒருவர் உட்கார்ந்து பேச்சையெல்லாம் எழுதியிருந்தார். படித்த மனிதர். மேடையில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. பாமரப் பேச்சைத் திருத்தமாக எழுதுவதாக நினைத்து அவர் எழுதியது, "ஒற்று வரட்டும், தொடங்கலாம்."

ஒற்று என்றால் வேவு பார்க்கிறவன். நம் வாயில் காற்று என்பது காத்து ஆகிறது, நேற்று நேத்து ஆகிறது, ஒற்று ஒத்து ஆகிவிடுகிறது. எழுதியவர் ஒரு தப்பைத் திருத்தினார். அதனால் அர்த்தம் இப்படி ஆயிற்று: சர்க்கார் தரப்பில் சுதேசிக்காரர்களுடைய வேவுகாரன் ஒருவன் இருக்கிறான், அவன் துப்புக் கொண்டுவந்ததும் கலகத்தைத் தொடங்குவதாகத் திட்டம். இன்ஸ்பெக்டர் இதை நிதானமாக எனக்கு விளக்கினார்.

"சரிப்பா. ஊர்ல உன்னை என்னன்னு கூப்பிடறாங்க?"

"ஒத்துன்னு, சாமி."

"அப்போ ஒத்துக்கறே."

நான் தொழிலைச் சொன்னேன். குழலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. "மேளக்காரன் எல்லா வீட்டுக்குள்ளேயும் போவான். வேவுக்கு அவனைவிட வசதியான ஆள் யாரு?" என்றார். காலையிலும் மாலையிலும் டாணாவுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

என் மனைவி அப்போது தலைப்பிரசவத்துக்கு ஏரலில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். திருநெல்வேலியிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் ஏரல். வண்டி கட்டினால் ஒரு பகலில் போய்விடலாம். ஆறு எங்கள் படித்துறையைத் தொட்டுக்கொண்டு அங்கேதான் போகிறது. நான் மட்டும் போக முடியவில்லை.

காலையில் குளித்துவிட்டு டாணா. அங்கே வராந்தாவில் ஒரு பெஞ்சு. இன்ஸ்பெக்டர் வரும்வரை அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். சில நாள் உடனே பார்ப்பார். சில நாள் உச்சிவெயில் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அயர்ந்தால் மாலை முறை வந்துவிடும். வெளியூர்க் கல்யாணங்களுக்கு நான் போக முடியாது. உள்ளூரிலும் முகூர்த்த நேரமும் டாணா நேரமும் ஒன்றாகவே வந்து தொலையும். அண்ணன் தச்சநல்லூரிலிருந்து வேறொருவரை ஒத்துக்கு வைத்துக்கொண்டார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ வாரது வரைக்குந்தாம்லே" என்றார்.

ஊர் பார்க்கிற பார்வையும் மாறிக்கொண்டு வந்தது. ஒருவன் தினம் இரண்டு வேளை டாணாப் படி ஏறுகிறான், உதை வாங்காமல் இறங்கி வருகிறான். ஊர் வேறு என்ன நினைக்கும்? முதலில் வெற்றிலைக் கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. பிறகு படித்துறையில் நான் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறினார்கள். ஒருநாள் சந்திப் பிள்ளையார் முக்கில் நான் போகும்போது இளவட்டம் ஒன்று கன்னத்தை உப்ப வைத்து ஊதிக் காட்டியது. கூட இருந்தவன், "போலீசுக்கு ஒத்து ஊதப் போறாரு, வழிவிடுங்கலே" என்றான். அதே பெயரைத்தான் இத்தனை வருஷமாகக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அது என் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது.

டாணாவுக்குள்ளே நான் சுதேசிக்காரர்களின் ஒற்று. வெளியே நான் போலீசின் ஒத்து. இரண்டு பக்கமும் என்னை எதிராளியின் ஆள் என்று நம்பினார்கள். உள்ளே போய் ஊர் என்னை ஒதுக்குகிறது என்று சொன்னால், நல்ல நடிப்பு என்பார்கள். ஊரில் போய் போலீஸ் என்னைச் சந்தேகப்படுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். வெற்றிலைக் கடைக்காரர், "அப்பிடியா அண்ணாச்சி" என்றார். அதுவரை என்னை லே போட்டுப் பேசியவர் அவர். அந்த மரியாதையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது.

ஏரலுக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டேன். கருப்பட்டி வண்டி ஓட்டுகிற ஒருவர் எங்கள் தெரு வழியாக வாரம் ஒருமுறை போவார். விவரமெல்லாம் சொல்லப் பயம். அவர் யாரிடம் என்ன சொல்வாரோ. அதனால், "கச்சேரி வேலை, வர முடியல, தினமும் போகவேண்டியிருக்குன்னு சொல்லிருங்க" என்றேன். போலீசு கோர்ட்டு எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் கச்சேரி என்றுதான் சொல்வோம். ஏரலில் மாமியாருக்கு அது நாகசுரக் கச்சேரி என்று விழுந்திருக்கிறது. மருமகன் தினம் ஒரு கச்சேரிக்குப் போகிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண் குழந்தை பிறந்தது என்று கருப்பட்டி வண்டிக்காரர் வந்து சொன்னார். கூடவே, "உம்ம வீட்டுல கோவமா இருக்காவ போல. பிள்ளையப் பாக்க வராம அப்பிடி என்னவே கச்சேரி" என்றும் கேட்டார். மாலை முறைக்கு நேரமாகியிருந்தது, கிளம்பினேன்.

அன்று மாலை இன்ஸ்பெக்டரிடம், குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டேன்.

"போகலாம். வண்டிகூட நானே ஏற்பாடு பண்றேன். ஊர்ல ஏற்கெனவே உன்னை எங்க ஆள்னுதான் சொல்றாங்க, தெரியுமில்லே? அதை நிஜமாக்கிடு. கல்யாண வீட்ல, கோயில்ல, யார் யார் என்ன பேசறாங்கன்னு வந்து சொல்லு. உனக்கும் நிம்மதி."

அன்றைய என் நிலையில் அது கஷ்டமான விஷயமாகவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஊர் கொடுத்துவிட்ட பெயருக்குத் தகுந்தபடி நடந்தால் போதும், மறுநாள் சூரியன் சாயும் முன் குழந்தை கையில் இருக்கும். ஆனால் யாரைப் பற்றிச் சொல்வது என்று நினைத்தபோது முதலில் வந்த முகம் அண்ணனுடையது. அவர்தான் அந்த மேடையில் உட்கார்ந்து வாசித்தவர். நான் வாயைத் திறந்தால் கேள்வி அங்கே போய்த்தான் நிற்கும்.

"எனக்கு அது வராது சாமி" என்றேன்.

"ஏன்?"

"வாசிக்கும்போது நான் எதையும் கேக்குறதில்ல. ஒத்தை விட்டுருவோமோங்கிற பயத்துலயே இருப்பேன்."

"சரி, உட்காரு" என்றார். அன்றைக்கு விளக்கு வைத்த பிறகுதான் விட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மாற்றம் வந்தது. கூட்டங்களில் எழுதியதையெல்லாம் தமிழ் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தமிழ்ப் பண்டிதர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வருவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறவர். வெள்ளை அங்கி, கையில் குடை. என்னைப் பெஞ்சில் பல நாள் பார்த்துவிட்டு, "நீர் யார்? எதற்காக இங்கே?" என்று அவரே கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் பரபரப்பு வந்துவிட்டது. என்னையும் கூட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனார்.

இரண்டு சொல்லையும் அவர் விளக்கியதை நான் நின்றுகொண்டு கேட்டேன். பழைய நூல்களில் ஒற்று என்பவன் அரசனின் கண், இழிவான ஆள் இல்லை என்றார். இலக்கணத்தில் ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்து, உயிரெழுத்தின் துணையில்லாமல் தானாக ஒலிக்காது என்றார். ஒத்து வேறு சொல், ஒத்துப்போவது, ஒன்றுபோல் இருப்பது. அதிலிருந்து வந்ததுதான் குழலின் பெயர். "இவர் வைத்திருப்பது அந்தக் குழல். எழுதியவர் திருத்தப் போய்க் கெடுத்துவிட்டார்" என்றார். எனக்கு அவர் காலில் விழவேண்டும்போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "பண்டிதரே, சந்தேகம் ஒண்ணு. மேடையில் பேசினவர் ஒற்றுன்னே நினைச்சு, பேச்சு வழக்கில் ஒத்துன்னு சொல்லியிருந்தா? அப்படி இல்லைன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

பண்டிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அங்கே இல்லை. காதால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். நான் மறுபடி பெஞ்சுக்கு வந்தேன்.

ஆனால் இன்ஸ்பெக்டரின் மனத்தில் ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இரண்டொரு நாள் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஒரே சுரம் ஊதற ஒருத்தன் வரலைன்னா அவ்வளவு பெரிய கூட்டம் காத்துக்கிட்டு இருக்குமா? எனக்கு அதுதான் நம்ப முடியலை."

"ஒத்து இல்லாம நாகசுரத்துல வாய் வைக்கமாட்டாங்க சாமி."

"காட்டு" என்றார். "உன் அண்ணனையும் கூட்டிக்கிட்டு வா."

அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். டாணாவில் நாகசுரம் வாசித்தார் என்ற பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொள்ளும். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெற்றிலையை மென்றார். துப்பிவிட்டு வந்து, "ஒஞ் சீவாளிய நல்லா நனைச்சு வைலே. அங்கன வந்து இழுத்துக்கிட்டு நிக்காத" என்றார்.

மறுநாள் காலை டாணா முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தவில் வேண்டாம் என்றுவிட்டார் அண்ணன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில். கான்ஸ்டபிள்கள் சுவரோரமாக. தெருவில் ஜனம் கூடிவிட்டது.

முதலில் ஒத்து இல்லாமல் வாசிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அண்ணன் அப்படி வாசித்ததே இல்லை. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு ராகத்தை எடுத்தார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். எங்கள் காதுக்கு அது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மாதிரி இருந்தது. அது அவர் காதுக்கு எப்படித் தெரியும்?

"இப்போ நீயும் ஊது."

ஊதினேன். நெடுநாள் தொடாத குழல். முதலில் கரகரத்தது, பிறகு நிலைக்கு வந்தது. அண்ணன் மெதுவாக அதன்மேல் ஏறினார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நடந்த மனிதர், கையை வீசி நடக்க ஆரம்பித்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணீர் வழிய ஊதிக்கொண்டிருந்தேன், துடைக்கக் கை இல்லை. அண்ணன் ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து என்னிடம் போதும் என்று சைகை செய்தார். நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. தனியாகத் தொடர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். என்னைப் பார்த்தார், குழலைப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டே? ஊது" என்றார்.

பிறகு அவருக்கே தான் சொன்னது புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எழுந்து உள்ளே போகும்போது, "மேல எழுதறேன். உத்தரவு வர வரைக்கும் வழக்கம்போல வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

உத்தரவு வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டது. அதுவரை இரண்டு வேளையும் நனைந்துகொண்டு போனேன். ஒருநாள் மாலை பால் வாங்குகிற அந்தக் கான்ஸ்டபிள் எதிரே வந்து, "இனி நீரு வரவேண்டாம்வே. அவருக்கு மாத்தலாயிட்டு. போகும்போது ஒம்ம பேரையும் அடிச்சிட்டுப் போயிருக்காரு" என்றார். நான் அப்போதும் டாணா வரைக்கும் நடந்துபோய்ப் பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

ஏரலுக்குப் போனபோது ஆற்றில் வெள்ளம். என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். என்னைக் கண்டு அழுதாள். மனைவி முகம் கொடுக்கவில்லை. "கச்சேரியெல்லாம் முடிஞ்சுதா?" என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் பாதியில் நின்றது. "எங்கிட்டயாவது ஆள விட்டுச் சரியாச் சொல்லியிருக்கக் கூடாதா? நானும்லா ஒங்கள ஏசிக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள்.

திருநெல்வேலியில் மறுபடி தொழிலுக்குப் போகப் பார்த்தேன். அண்ணன் சேர்த்துக்கொண்டார். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஆள் மட்டும் வேண்டாம் என்றார்கள். மரத்தடியில் வாசித்ததைத் தெருவில் நின்று பார்த்தவர்கள், போலீசுக்குப் பாட்டு வாசித்தான் என்றுதான் சொன்னார்கள். என்னால் அண்ணனுக்கு முகூர்த்தங்கள் குறைவதைப் பார்த்துவிட்டு, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் போய்ச் சேர்ந்தேன்.

மில்லுக்குள் யந்திரச் சத்தத்தில் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட முடியாது. கையைத் தட்டிச் சைகைதான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து ஒருவன் வேலைக்கு வந்தான். வாசலில் என்னைக் கண்டதும், "ஒத்துல்லா நீரு" என்றான். அந்த வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கூலியைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் நான் போனதும் கலைந்தார்கள். அங்கேயும் அதே சுவர்தான் வந்து நின்றது. இனி ஓட வேறு ஊர் இல்லை. பேசாமல் இருந்தேன், வருஷக்கணக்காக.

என் மனைவி அப்படி இருக்கவில்லை. மேற்கே பாபநாசத்துப் பக்கம் ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது ஒருத்தி மற்றொருத்தியிடம், "ஒத்து பொண்டாட்டி வாரா, வாயப் பொத்து" என்றிருக்கிறாள். என் மனைவி துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாளாம். "ஏட்டி, அந்தப் பேரு எப்பிடி வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? சொல்லுதேன், கேட்டுட்டு அப்புறமா வாயப் பொத்து" என்று ஆரம்பித்து, சீவாளி பிளந்ததிலிருந்து வேப்பமரத்தடி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். கச்சேரி என்று சொல்லிவிட்டுத் தன்னை ஏமாற்றியதைச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்களாம்.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் பக்கத்து யந்திரத்தில் நிற்கிறவரின் மனைவி அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறாள். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார்.

"அண்ணாச்சி, அந்தக் கொழல் இன்னும் இருக்கா?" என்றார்.

"அண்ணன் வீட்ல இருக்கு."

"ம்" என்றார். ஊறுகாயை எடுத்து என் சோற்றின் ஓரத்தில் வைத்தார்.